மறுமொழி: 'சப்ளிமெண்ட்' என்பதற்குக் 'குறைநிரப்பி' சரிப்படுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி: பெங்களூர் அல்சூர், மர்பி டவுன் பக்கம் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களுக்கும் வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கும் இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று தயாராகிறது. எது கொடுக்கலாம், எது ஆகாது, சத்துப்பொடி தேவையா என்பதுதான் விஷயம். கன்னடத்தில் முடிந்துவிட்டது. தமிழ்ப் படி 'சப்ளிமெண்ட்' என்ற ஒரே சொல்லில் நிற்கிறது. சாப்பாட்டோடு கூடுதலாகத் தரும் சத்துக்கு என்ன பெயர் வைப்பது? 'குறைநிரப்பி' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. மற்ற யோசனைகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

> கன்னடத்தில் 'பூரக ஆஹார' என்கிறார்கள். நாமும் 'பூரகம்' என்றே வைத்துக்கொண்டால் என்ன?

அம்மா, இங்கே இருப்பவர்களுக்குக் காதில் விழுந்து பழகிய சொல்தான். ஆனால் தமிழில் பூரகம் என்றால் மூச்சுப் பயிற்சியில் மூச்சை உள்ளே இழுப்பது. வெளியே விடும் ரேசகமும் உள்ளே அடக்கும் கும்பகமும் கூடவே வந்து நிற்கும்.

> 'இணை உணவு' இருக்கிறதே? இல்லாவிட்டால் பள்ளிக் கணக்கில் வரும் 'மிகைநிரப்பு'?

இணை உணவு அங்கன்வாடிச் சத்துமாவுக்குப் போய்விட்டது. அது வயிறு நிறையச் சாப்பிடுவது. நாம் சொல்வது சோற்றின் மேல் தூவுகிற கால் கரண்டிப் பொடி. மிகைநிரப்பு கோணங்களுக்குப் பொருந்தும், இங்கே வேண்டவே வேண்டாம். மிகைதான் இதில் ஆபத்து.

> 'இயற்கைச் சத்துக்கூட்டி' என்று போடுங்கள். சுவைகூட்டி மாதிரி எளிமையாக இருக்கிறது.

தில்லி நண்பர் சொன்ன இந்தச் சொல் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஏன் விட்டுவிட்டேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் லாப்ரடார் குட்டி, நாலு மாதம். கடையில் வாங்கும் குட்டிகளுக்கான உணவைத்தான் போடுகிறார்கள். அதன் மேல் தினமும் இரண்டு கரண்டி கால்சியம் பொடி. எலும்பு நன்றாக வளரட்டும் என்ற ஆசை. ஒரு நாள் காலையில் வாசற்படி ஏற முடியாமல் முன்கால் ஒன்றைத் தூக்கியபடி நின்றது. மருத்துவர் முதலில் நிறுத்தச் சொன்னது அந்தப் பொடியைத்தான். குட்டிகளுக்கான முழு உணவில் வேண்டிய கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. இளங்குட்டியின் குடலுக்கு அதிகமாக வந்ததைத் தள்ளிவிடத் தெரியாது, உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெரிய இனங்களில் அது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

அடுத்த வீட்டில் கதை வேறு. அங்கே வெறும் சோறும் வேகவைத்த கோழியும்தான். அதில் பாஸ்பரஸ் இருக்கிறது, கால்சியம் மிகக் குறைவு. பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றிலிருந்து இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும். அந்த நாய்க்கு முட்டை ஓட்டுப் பொடி உண்மையாகவே தேவை. ஒரு ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது என்பதால், அதையும் மருத்துவரிடம் அளவு கேட்டுத்தான் போட வேண்டும்.

பொடி ஒன்றே. ஒரு வீட்டில் மருந்துபோல உதவுகிறது, இன்னொரு வீட்டில் காலை முடக்குகிறது. 'கூட்டி' என்று பெயர் வைத்தால் கூட்டுவது எப்போதும் நல்லது என்றுதானே படும்? என்ன குறைகிறது என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

'இயற்கை'யையும் எடுத்துவிடச் சொல்கிறேன். வெங்காயம் இயற்கைதான். பச்சையோ வதக்கியதோ பொடியோ, நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிக்கு நல்லது என்று பூண்டு அரைத்துக் கொடுப்பவர்களை எனக்கே தெரியும். பூண்டும் அதே குடும்பம். திராட்சையும் இயற்கை, சிறுநீரகத்தைப் பாதிக்கும். 2021இல் அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நச்சுத் தடுப்பு மையத்து மருத்துவர்கள் அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்றார்கள். அடுத்த ஆண்டு, அதே அமிலம் உள்ள புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றியும் எழுதினார்கள். நம் வீட்டு மிச்சம் என்ன? வெங்காயமும் புளியும் போட்ட சாம்பார் சாதம். அதனால்தான் துண்டறிக்கையின் முதல் வரியே 'குழம்பு ஊற்றாத சோறு' என்று இருக்க வேண்டும் என்கிறேன். உப்பில்லாமல் வேகவைத்த பரங்கிக்காய், கேரட், முட்டை, முள் நீக்கிய மீன், ராகிக் களி எல்லாம் தாராளமாகப் போடலாம்.

நான் முதலில் முன்வைத்தது 'ஈடுசத்து'. அதை நானே திரும்பப் பெறுகிறேன். அல்சூர் மார்க்கெட்டில் பூக்கட்டும் அக்கா ஒருவர் தினமும் ஏழு நாய்களுக்குச் சோறு வைக்கிறார். துண்டறிக்கை போய்ச் சேர வேண்டியது அவரிடம்தான். அவரிடம் இரண்டு சொற்களையும் படித்துக் காட்டினேன். 'ஈடுசத்து' என்றதும் நாரை விரலில் சுற்றியபடியே, "ஈடுன்னா அடகாச்சே?" என்றார். 'குறைநிரப்பி' என்றதும் கை நின்றது. "என்ன குறை? எங்க நாய்க்கு என்ன குறைன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைத்தான் அந்தச் சொல் கேட்க வைக்க வேண்டும். இலங்கைத் தமிழில் துணை நிதி ஒதுக்கீட்டைக் 'குறைநிரப்பு' என்று முன்பே சொல்கிறார்கள், ஆகவே நாம் புதிதாகச் செய்வது கடைசி 'இ'கரம் மட்டும். கால்சியக் குறைநிரப்பி, துத்தநாகக் குறைநிரப்பி என்று மற்றச் சொற்களோடும் ஒட்டுகிறது.

இதை எழுதி முடிக்கும்போது கால்நடை மருத்துவர் ஐயாவின் மடல் வந்தது.

> மூட்டு வலி உள்ள கிழட்டு நாய்க்கு மீனெண்ணெய் எழுதித் தருகிறேன். அதற்குக் குறை எதுவும் இல்லையே. அதை எப்படிக் குறைநிரப்பி என்பீர்கள்?

ஐயா, நியாயமான கேள்வி. அதைக் குறைநிரப்பி என்ற தலைப்பில் வைக்க வேண்டாம். வீக்கத்தைத் தணிக்க நீங்கள் அளவு சொல்லித் தருவதால் 'மருத்துவர் சொன்னால் மட்டும்' என்று தனிக் கட்டத்தில் போட்டுவிடலாம். கூடவே ஒரு வேண்டுகோள். போன வருடம் என் நாய்க்கு ஒரு மெடிக்கல் ஷாப்பில் 'மீன் எண்ணெய் மாத்திரை' கேட்டேன். கொடுத்தது மீன் ஈரல் எண்ணெய். பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஈரல் எண்ணெயில் ஏ, டி வைட்டமின்கள் நிறைய இருக்கின்றன. மூட்டு வலிக்கான அளவில் அதைத் தினமும் கொடுத்தால் உடம்பில் சேர்ந்து நஞ்சாகிவிடும். நல்லவேளையாக வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்தேன். 'மீனெண்ணெய்', 'மீன் ஈரல் எண்ணெய்' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், தடித்த எழுத்தில் அச்சடிக்க வேண்டும்.

'நச்சுணவு' என்ற தலைப்பையும் 'நாய்க்கு ஆகாதவை' என்று மாற்றியிருக்கிறேன். திராட்சை நமக்கு நஞ்சில்லை, நாய்க்குத்தான் ஆகாது. பால் சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். அதை வேறு வரிசையில் வைத்திருக்கிறேன்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் கட்டு பூக்கடை அக்காவுக்கு.