ஹோட்டன் சமவெளியும் பேக்கர் நீர்வீழ்ச்சியும்: வன்னியிலிருந்து போய்வந்தவர்களின் பகிர்வு

கிளிநொச்சியிலிருந்து:

இலங்கையின் வடக்கே வன்னியில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஓடுகிற தண்ணீர் என்பது மாரியில் மட்டும் காணக் கிடைக்கிற ஒன்று. கனகராயன் ஆறுகூடக் கோடையில் மணலாகத்தான் கிடக்கும். தண்ணீர் மேலிருந்து விழுவதை நான் பார்த்ததெல்லாம் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்படும் நாள்களில்தான். ஆகவே கடந்த மாசி மாதம் குடும்பத்தோடு மலைநாட்டின் உச்சியிலுள்ள ஹோட்டன் சமவெளிக்குப் புறப்பட்டபோது, எங்களில் ஒருவரைத் தவிர வேறெவரும் அருவியென்று ஒன்றை நேரில் கண்டதில்லை. அந்த ஒருவர் என் மாமியார். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் பெற்றோரோடு கிளிநொச்சியில் வந்து குடியேறியவர். மலையடியில் பன்னிரண்டு வயதுவரை வாழ்ந்த அவரும், மேலே இப்படியொரு சமவெளி இருக்கிறதென்று கேள்விப்பட்டிருந்தாரே தவிர, அங்கே போனதில்லை.

ஏ9 வீதி கண்டியில் தொடங்குவதால் அதுவரைக்கும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. நுவரெலியாவில் ஓர் இரவு தங்கி, விடியப்புறம் நாலரை மணிக்கு அம்பேவல, பட்டிப்பொல வழியாக ஏறினோம். நாங்கள் கம்பளிச் சட்டைக்கு மேல் போர்வையும் போர்த்திக்கொண்டு நடுங்க, மாமி தலையில் ஒரு துவாயை மட்டும் கட்டிக்கொண்டு, "இது எனக்குத் தெரிஞ்ச குளிர்தான் தம்பி" என்றார்.

நுழைவாயிலில் பைகளைச் சோதிக்கிறார்கள். முந்திய இரவே கட்டிவைத்த இடியப்பப் பொதிகளுக்கு வாழையிலையின் மேல் பொலித்தீன் சுற்றியிருந்தோம். அத்தனையையும் அவிழ்த்துக் கடதாசியில் மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. தண்ணீர்ப் போத்தல்களில் ஒட்டியிருந்த மெல்லிய உறையைக்கூட உரித்து வாங்கிக்கொண்டார்கள். அரை மணிநேரம் வீணாகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். மரைகள், அதாவது அங்குள்ள பெரிய மான்கள், பொலித்தீனைத் தின்றுவிடுகின்றன என்று அங்கிருந்த அலுவலர் சொன்னதை, வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேரும்வரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏனென்றால் எங்கள் ஊரில் மரை என்பது மனிதர் கண்ணில் படாத விலங்கு. இரவில் வெளிச்சம் பட்டு மின்னும் இரண்டு கண்கள், சேற்றில் பதிந்த குளம்படி, யாரோ ஒருவர் வீட்டு விறாந்தைச் சுவரில் தொங்கும் பழைய கொம்பு, இவ்வளவுதான் நான் அறிந்த மரை. இங்கேயோ ஓர் ஆண்மரை, கழுத்து மயிரெல்லாம் பனித்துளி கோத்திருக்க, எங்கள் வாகனத்தின் கதவோரம் வந்து நின்று மூக்கை நீட்டியது. அதன் மூச்சு ஆவியாகிக் கண்ணாடியில் படிந்ததையும், ஈரமான மூக்கு அந்தப் புகாரில் ஒரு வட்டத்தைத் துடைத்துவிட்டுப் போனதையும் என் மகன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். உணவு கொடுக்கக் கூடாதென்று அறிவித்தல் இருக்கிறது. ஆனாலும் யாரோ கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள் என்பது அது நின்ற நிலையிலேயே தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது, எனினும் மனிதரைக் கண்டு ஓடாத மரையைப் பார்க்க எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை.

நடைபாதை சுமார் 9 கிலோமீற்றர், வட்டமாகச் சுற்றி வருவது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் என்பதால் சிறு ஏற்றத்துக்கே மூச்சு வாங்குகிறது. இருபுறமும் புல்வெளி, அதற்கப்பால் குட்டையான, பாசி படர்ந்த காடு. "இவ்வளவு நிலம் இருந்தும் வெள்ளைக்காரன் ஏன் இங்க தேயிலை போடாம விட்டான்?" என்று மாமி கேட்டார். தோட்டத்தில் பிறந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்க வேண்டாமென்று 1873இல் ஆங்கில அரசுக்கு ஆலோசனை கூறியதை நான் முன்னரே படித்திருந்தபடியால் அவருக்குச் சொன்னேன். ஆறுகள் பிறக்கும் இடம் என்பதுதான் காரணம். இந்தச் சமவெளி 1988இல்தான் தேசிய பூங்காவாயிற்று.

பாதை பிரியும் இடத்தில், புகார் மூடுமுன், முதலில் உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்குப் போயிருக்க வேண்டும். எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்பிவிட்டோம். காண்பதற்கு வெகுநேரம் முன்பே அதன் இரைச்சல் கேட்டது. அப்போது எனக்கு நேர்ந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை: கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. மனைவியும் நின்றிருந்தாள். 2018 மார்கழி வெள்ளத்தின்போது இரவில் கேட்ட அதே இரைச்சல். ஆவணங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் மேடு என்று பார்த்து நின்ற இரவு அது. எங்கள் காதுக்கு, விழுகிற தண்ணீர் என்றால் எழுந்து புறப்படு என்று பொருள். இங்கோ எதிரே வந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஈரமான படிகளில் ஒவ்வொருவராக இறங்கினோம். சுமார் 20 மீற்றர் உயரம். கறுத்த பாறையில் பட்டு நீர் விசிறிபோல விரிந்து விழுகிறது. வான் பாயும் வெள்ளம் முறிந்த கொப்புகளையும் வேலித் தடிகளையும் அள்ளிக்கொண்டு சேற்று நிறத்தில் வரும். இதில் ஒரு சருகுகூட இல்லை. ஓடையில் இறங்கிக் குளிப்பது தடை. 1848இலிருந்து 1855வரை நுவரெலியாவில் குடியிருந்து இந்தப் பக்கமெல்லாம் நாய்களோடு மரை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெயரைத்தான் இதற்கு இட்டிருக்கிறார்கள். மரைகள் அதை அறியாதது நல்லது.

உலக முடிவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகிவிட்டது. ஏறத்தாழ 880 மீற்றர் செங்குத்துப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் வெண்புகார் சுவர்போல நின்றது. "ஒண்டுமே இல்லையே அப்பா" என்றான் மகன். பெயருக்குப் பொருத்தமான காட்சிதான்.

ஒன்று மட்டும் மனத்தில் நின்றது. பேக்கர் நீர்வீழ்ச்சியாக விழும் பெலிஹுல் ஓயா என்ற சிற்றாறு வளவை கங்கையோடு சேர்ந்து தெற்கே போகிறது. களனி மேற்கே போகிறது. மகாவலி கிழக்கே சுற்றிக் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. இந்த மேட்டிலிருந்து எங்கள் பக்கத்துக்கு மட்டும் ஒரு சொட்டும் வருவதில்லை.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, கடைசி வரியில் ஒரு திருத்தம். சமவெளியில் ஊறும் அக்ரா ஓயா கொத்மலை வழியாக மகாவலியில் சேர்கிறது. 1976 முதல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியின் ஒரு பகுதி வடக்கே திருப்பப்படுகிறது. அந்த நீரில் ஒரு பங்கு கலாவெவக் குளத்துக்கு வருகிறது. அங்கிருந்து போகும் கலா ஓயாதான் வன்னிக்குத் தென்மேற்கேயுள்ள வில்பத்துக் காட்டின் தெற்கெல்லை. வன்னிக்குள் நுழையவில்லை, ஆனால் வாசல்வரை வந்துவிட்டது என்று சொல்லலாம்.

நான் மாணவர்களோடு போனபோது ஆறு மணிக்கே நுழைவாயிலில் நின்றோம். ஏழரைக்கு உலக முடிவில் முகில் எங்கள் காலுக்குக் கீழே இருந்தது. நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படியில், தேய்ந்த சப்பாத்துப் போட்டிருந்த மாணவன் ஒருவன் சறுக்கி ஏழெட்டுப் படி உருண்டான். முழங்கை உரிந்ததோடு போயிற்று. பிடிமானமுள்ள பாதணி இல்லாதவர்கள் அந்தப் படிகளில் இறங்காமல் விடுவதே நல்லது.

முல்லைத்தீவிலிருந்து:

அண்ணா, என் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நீர்வீழ்ச்சிவரையாவது கூட்டிப்போக முடியுமா? உங்கள் மாமியார் முழுத்தூரமும் நடந்தாரா?

கிளிநொச்சியிலிருந்து:

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. கலா ஓயாவை நான் மறந்தே போனேன்.

தங்கச்சி, மாமி முழுத்தூரமும் நடந்தார். ஐந்து மணிநேரம் எடுத்தது, அதிலும் பாதி நேரம் அவர்தான் எங்களுக்காகக் காத்து நின்றார். ஆனால் முழங்கால் வருத்தம் உள்ளவருக்கு அந்தப் படிகள் ஆகாது. இறங்குவதைவிட ஏறுவது கடினம். மேலே நின்றாலே இரைச்சல் நன்றாகக் கேட்கும். ஊன்றுகோல் ஒன்று கொண்டுபோங்கள், இடியப்பத்தை வெறும் வாழையிலையில் கட்டுங்கள்.