ஃப்ரீ பாஸ்கல் 3.3.1: சோர்ஸிலிருந்து பில்ட் ஆக மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். உபுண்டு 20.04, 64 பிட். முதுநகர் மீன் ஏலக் கணக்குக்காக அப்பா டர்போ பாஸ்கலில் (பாஸ்கல் மொழிக்கான பழைய கம்பைலர், அதாவது புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) எழுதிவைத்த புரோகிராமை அதே மொழிக்கான இலவசக் கம்பைலரான ஃப்ரீ பாஸ்கலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். புதிதாகச் சேர்க்கும் பகுதிக்குப் பெயரில்லாத ஃபங்ஷன் (பெயர் வைக்காமல் வேண்டிய இடத்திலேயே எழுதும் ஃபங்ஷன்) வேண்டும், அது 3.2.2-இல் கிடையாது, அதனால் சோர்ஸ் இருக்கும் கிட்லேப் தளத்திலிருந்து மெயின் கிளையை (இன்னும் வளர்ச்சியில் இருக்கும் 3.3.1) இறக்கி, முழுவதையும் பில்ட் செய்யும் 'மேக் ஆல்' கட்டளையைக் கொடுத்தேன். தொடங்க 3.2.2 கம்பைலர்தான் வேண்டும், உன்னிடம் இருப்பது 3.0.4 என்று நின்றுவிட்டது. வெர்ஷன் சோதனையைத் தவிர்க்கச் சொல்லி ஓட்டினால் பாதியில் எர்ரர். இரண்டு நாளாக இதே கதை.

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
தம்பி, அந்தச் சோதனையைத் தாண்டாதீர்கள். இந்தக் கம்பைலரே பாஸ்கலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. உங்களிடம் இருப்பது முதலில் புதியதை உருவாக்கும், அது தன்னையே மறுபடி உருவாக்கும், கடைசி இரண்டும் ஒன்றுபோல் வரும்வரை இந்தச் சுற்று ஓடும். 3.0.4-க்குத் தெரியாத எழுத்துமுறை சோர்ஸில் இருந்தால் முதல் சுற்றிலேயே விழும்.

3.2.2-இன் டார் கோப்பை இறக்கி ஹோமுக்குள் தனி ஃபோல்டரில் நிறுவுங்கள். அப்புறம் பழைய பில்ட் மிச்சங்களை அழிக்கும் 'மேக் டிஸ்ட்க்ளீன்', இதை விட்டுவிடாதீர்கள், பாதியில் நின்ற பழைய பிபியு கோப்புகள் (கம்பைல் ஆன யூனிட்கள்) கிடந்தால் வேறு ஏதோ எர்ரர் காட்டி அலைக்கழிக்கும். அதற்குப் பிறகு 'மேக் ஆல்', கூடவே 'பிபி=' என்று 3.2.2-இன் பிபிசிஎக்ஸ்64 (64 பிட்டுக்கான உண்மையான கம்பைலர்) இருக்கும் முழுப் பாதை. எஃப்பிசி என்பது கம்பைலரைக் கூப்பிடும் சின்ன புரோகிராம்தான், அந்தப் பாதையைக் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்:
அண்ணா, பில்ட் முடிந்தது! வேறு ஃபோல்டரில் இன்ஸ்டாலும் செய்து லிங்க் போட்டுவிட்டேன், வெர்ஷன் கேட்டால் 3.3.1 என்று சொல்கிறது. ஆனால் மூன்று வரி புரோகிராம்கூட ஓடவில்லை, 'சிஸ்டம் யூனிட்டைக் காணவில்லை' என்கிறது (எல்லாப் புரோகிராமுக்கும் தேவையான அடிப்படை யூனிட்). பில்ட் தப்பாகிவிட்டதா?

பதில் (நெய்வேலி):
பில்ட் சரிதான். பில்ட் நடக்கும்போது யூனிட்கள் எங்கே என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை, நீங்கள் தனியாகக் கூப்பிடும்போதுதான் பார்க்கிறது, அதனால்தான் அங்கே தெரியாத கோளாறு இங்கே தெரிகிறது. எல்லா விவரத்தையும் காட்டும் '-விஏ' போட்டு ஓட்டுங்கள், எந்தக் கான்ஃபிக்கைப் படிக்கிறது என்று மேலேயே வரும். ஹோமில் புள்ளியில் தொடங்கும் எஃப்பிசி.சிஎஃப்ஜி (அந்தக் கான்ஃபிக் கோப்பு) இருந்தால் இடிசி ஃபோல்டரில் உள்ளதைத் தொடாது. அதில் யூனிட் பாதை எங்கே காட்டுகிறது?

கேட்டவர்:
அதேதான். பாதை எல்லாம் 3.2.2 ஃபோல்டரையே காட்டிக்கொண்டிருந்தது. கான்ஃபிக் எழுதித் தரும் எஃப்பிசிஎம்கேசிஎஃப்ஜி கொண்டு புதிய இடத்துக்கு எழுதிவிட்டேன், ஓடுகிறது. ரொம்ப நன்றி. ஆனால் அப்பாவின் பழைய டேட்டா கோப்பைத் திறந்தால் எடை, விலை எல்லாம் கன்னாபின்னாவென்று வருகிறது.

பதில் (லாஸ்பேட்டை):
இது கம்பைலர் கோளாறு இல்லை தம்பி. டர்போ பாஸ்கலில் ரியல் (தசம எண் வகை) 6 பைட், இங்கே 8. பழைய கோப்பைப் படிக்கும் ரெக்கார்டில் ரியல் இருக்கும் இடத்தில் அந்தப் பழைய 6 பைட் வகையான ரியல்48 போட்டு, ரியல்2டபுள் ஃபங்ஷனால் மாற்றிக்கொள்ளுங்கள். ரெக்கார்டுக்கு முன்னால் 'பேக்ட்' அவசியம், இல்லையென்றால் இடையில் காலி பைட் சேர்ந்துவிடும். கம்பைலர் முறையாக 'மோட் ஆப்ஜெக்ட் எஃப்பிசி' வைத்திருந்தால் இன்டிஜர் (முழு எண் வகை) 32 பிட் ஆகிவிடும், பழையது 16 பிட், அங்கே ஸ்மால்இன்ட் என்று எழுதுங்கள். எதைத் தொடும் முன்பும் அப்பாவின் கோப்புகளை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.