ஏற்ற இறக்கமா, மேடுபள்ளமா?

நண்பர்களே,

அண்ட நுண்ணலைப் பின்னணியில் (பெருவெடிப்புக்குப் பின் மிஞ்சி வானமெங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலை ஒளி) இடத்துக்கு இடம் தெரியும் வெப்பநிலை வேறுபாட்டுக்குத் தமிழ்ச் சொல்லாக 'வெப்பநிலை ஏற்ற இறக்கம்' என்றே போட்டுவிடலாம் என்றீர்கள். எனக்கு ஒட்டவில்லை. தங்கம் விலை ஏறி இறங்கும், காய்ச்சல் ஏறி இறங்கும், நேற்று ஒன்று இன்று ஒன்று. இங்கே அந்தப் பேச்சே இல்லை. வானத்தில் இந்தப் பக்கம் பார்த்தால் 2.725 கெல்வினைவிடத் துளி கூட, அந்தப் பக்கம் துளி குறைவு. நாளை பார்த்தாலும் அதே இடத்தில் அதே அளவுதான்.

அளந்த விதத்தைப் பாருங்கள். கோபி (ஆள் பெயரல்ல, 1989-இல் நாசா ஏவிய செயற்கைக்கோள்) சுமந்து சென்ற கருவி, 60 பாகை விலகி நிற்கும் இரண்டு கொம்பு ஆன்டெனாக்களுக்கு மாறி மாறிக் காது கொடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொண்டது. கொத்தனார் தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை எதிர்ச்சுவரிலும் பிடித்து மட்டம் பார்ப்பாரே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். சூரியக் குடும்பம் நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் ஓடுவதால் போகிற திசை 3.4 மில்லிகெல்வின் அளவுக்குச் சூடாகவும் பின்பக்கம் அதே அளவு குளிர்ந்தும் தெரியும். அதையும் நம் பால்வீதியின் உமிழ்வையும் கழித்த பிறகு மிஞ்சியது லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் உயரச் சுவரின் உச்சியில் ஒரு சென்டிமீட்டர் பிசகு! 1992-இல் அதை அறிவித்தார்கள், 2006-இல் கோபி ஆய்வை முன்னின்று நடத்திய ஸ்மூட்டுக்கும் மேத்தருக்கும் நோபல்.

மட்டம் பார்த்துக் கண்டதை 'மேடுபள்ளம்' என்பதுதானே முறை? 'வெப்பநிலை மேடுபள்ளம்'. கொச்சையாக இருக்கிறது என்பீர்கள், இருக்கட்டும், படித்ததும் புரிகிறது. 'திசையொப்பின்மை'யைத் (anisotropy) தள்ளச் சொல்லவில்லை, அது திசைக்குத் திசை மாறும் பண்பின் பெயர். நான் கேட்பது வானத்தின் வெப்பநிலை வரைபடத்தில் தெரியும் சிவப்பு நீலத் திட்டுகளுக்கு.

ஒரே ஒரு சிக்கல். பெரிய கோண அளவுகளில் அடர்த்தி கூடிய இடத்திலிருந்து வரும் ஒளி, ஈர்ப்புப் பள்ளத்திலிருந்து ஏறி வருவதில் ஆற்றலை இழந்து குளிர்ச்சியாகத் தெரியும். அதாவது அடர்த்தி மேடுதான் வெப்பநிலைப் பள்ளம். மாணவர்கள் திணறுவார்கள். அதனால் முன்னால் 'வெப்பநிலை' ஒட்டாமல் தனி 'மேடுபள்ளம்' எங்கும் வரக்கூடாது. அப்புறம், திறன் நிறமாலையில் (எந்தக் கோண அளவில் வேறுபாடு எவ்வளவு என்று காட்டும் வரைவு) ஒரு பாகை அருகே எழும் உச்சத்தை 'மேடு' என்று யாரும் எழுதிவிடாதீர்கள், அதற்கு 'முகடு'.