முனைவர் பட்ட நெறியாளரைத் தேர்ந்தெடுக்க எச்-இன்டெக்ஸ் மட்டும் போதுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை மாணவி

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். முதுகலை வேதியியல் முடித்துவிட்டு, கரிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இருவர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கின்றனர். ஒருவர் 30 ஆண்டுகளாகக் கட்டுரை எழுதி வருபவர். அவருடைய எச்-இன்டெக்ஸ் 33. மற்றவரின் முதல் கட்டுரை வெளிவந்து 12 ஆண்டுகளே ஆகின்றன, அவருக்கு 15. பெரிய எண் உள்ளவரிடமே சேர வேண்டும் என்று மாமா வற்புறுத்துகிறார். ஐந்தாண்டு உழைப்பைப் பற்றிய முடிவு என்பதால் கேட்கிறேன்: இந்த எண் ஒரு கரிம வேதியியலாளரைப் பற்றி உண்மையில் எதைச் சொல்கிறது?

பதில் 1: சித்தூர் வாசகர்

நானும் சித்தூர்தான்; ஆனால் ஆந்திரத்துச் சித்தூர். ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த அளவுகோல் இது. 33 என்றால், அவர் எழுதியவற்றுள் 33 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 33 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். அவற்றுள் ஒன்று 5,000 முறை எடுத்தாளப்பட்டிருந்தாலும் அதனால் எண் கூடாது. அவர் பத்தாண்டுகள் எழுதாமலே இருந்தாலும் குறையாது. அதனால்தான் ஹிர்ஷே இதை ஆய்வு வாழ்வின் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கும் வழியையும் தந்தார். அப்படி வகுத்தால் முதலாமவருக்கு 1.1, இரண்டாமவருக்கு 1.25. மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஆனால் இவ்வளவு சிறிய வேறுபாட்டை வைத்து இரண்டாமவரே சிறந்தவர் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். மேற்கோள்களைத் தொகுத்துத் தரும் தளங்களுள் கூகுள் ஸ்காலர் தரும் எண் பெரும்பாலும் ஸ்கோப்பஸ் தருவதைவிடக் கூடுதலாக இருக்கும். இருவரின் எண்களையும் ஒரே தளத்தில் எடுத்தீர்களா என்று பாருங்கள்.

பதில் 2: பாறசாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

மகளே, குளித்தலையில் பிறந்த கரிம வேதியியலாளர் டி. ஆர். சேஷாத்ரியை எண்ணிப் பார். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து திரும்பியவர், 1930-களிலும் 40-களிலும் வால்டேரில் (இன்றைய விசாகப்பட்டினத்தில்) ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, பருத்திப் பூ முதலியவற்றின் ஃபிளாவனாய்டு என்னும் வகை நிறமிகளைப் பிரித்தெடுத்து அவற்றின் அமைப்பை நிறுவினார். அந்தக் கட்டுரைகள் பலவும் இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில்தான் வெளிவந்தன. 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியபோது எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினர் என்று தொகுக்கும் அறிவியல் மேற்கோள் அட்டவணையே இன்னும் வெளிவரத் தொடங்கவில்லை. ஒரு சேர்மத்தின் அமைப்பு உறுதியாகிப் பாடநூலுக்குள் சென்றுவிட்டால், அடுத்த தலைமுறை அச்சேர்மத்தின் பெயரை மட்டும் எழுதும். கண்டறிந்தவரின் கட்டுரையைக் குறிப்பதில்லை. இயற்கைப் பொருள் வேதியியலில் உழைத்தவர்களை எண்ணால் மட்டும் அளப்பது எனக்கு என்றுமே உடன்பாடில்லை.

பதில் 3: நகரி, ஆய்வகப் பணியாளர்

ஆசிரியர் ஐயா சொல்வது கரிம வேதியியலின் செய்முறைகளுக்கும் பொருந்தும். ஸ்டில்லும் அவருடைய இரு கூட்டாளிகளும் 1978-இல் பிளாஷ் குரோமட்டோகிராபி என்னும் பிரிப்பு முறை பற்றி எழுதிய கட்டுரை மூன்றே பக்கம். இன்று நாங்கள் நாள்தோறும் சிலிக்கா ஜெல் நிரப்பி அம்முறையில்தான் சேர்மங்களைப் பிரிக்கிறோம்; ஆனால் அம்முறையைப் பயன்படுத்துவோர் எல்லோரும் அக்கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை.

ஆகவே தங்கைக்கு என் யோசனை இது. இருவரின் முதன்மையான கட்டுரை ஒவ்வொன்றை எடுத்து, அதை மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். முன்னுரையில் பதினைந்து கட்டுரைகளோடு சேர்த்துக் கும்பலாகக் குறித்திருக்கிறார்களா, அல்லது அவருடைய வினையைத் தங்கள் ஆய்வகத்தில் செய்து பார்த்துச் செய்முறைப் பகுதியில் குறித்திருக்கிறார்களா? இரண்டாம் வகை மேற்கோள் ஒன்று, முதல் வகை மேற்கோள் பத்தைவிட மதிப்புடையது. தம்மையே மேற்கோள் காட்டியவற்றைக் கழித்துவிடுங்கள். நம்மவர் பெயர்கள் முதலெழுத்தோடு வருவதால் ஒரே பெயருடைய வேறொருவரின் கட்டுரைகளும் கணக்கில் கலந்துவிடுவதுண்டு. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாகத் தரப்படும் ஆர்க்கிட் (ORCID) அடையாள எண்ணைக் கொண்டு சரிபாருங்கள். இவற்றையெல்லாம்விட முக்கியம், அவர்களிடம் பயின்ற மாணவர்களின் நிலை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் நெறியாளரின் பெயரைத் தேடினால் அங்கே ஏற்றப்பட்ட ஆய்வேடுகள் கிடைக்கும். பட்டம் பெற எத்தனை ஆண்டுகள் ஆயின, கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் நிற்கிறதா என்பதைப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை மாணவி

மூவருக்கும் நன்றி. இரண்டாமவரின் ஒரு கட்டுரையை எடுத்தாண்ட 11 கட்டுரைகளைப் படித்தேன்; அவற்றுள் 7 அவருடைய வினையைச் செய்து பார்த்தவை. முதலாமவருக்கு இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அவரிடம் பட்டம் பெற்ற ஒருவரின் ஆய்வேடு கிடைத்திருக்கிறது. அதைப் படித்து முடித்தபின் இருவரின் ஆய்வகங்களையும் நேரில் பார்க்க அனுமதி கேட்டு எழுதுவேன். மாமாவும் உடன் வருகிறேன் என்கிறார்.