வேலை தேடுகிறவனை இப்படி மாற்றுவது திட்டமிட்டா?

கேள்வி:
லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். தம்பி வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். இப்போது யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறான். வாரம் 35 மணி நேரம் வேலை தேட வேண்டும், தேடியதை ஆன்லைன் ஜர்னலில் எழுத வேண்டும். சோற்றில் கை வைத்தபடியே "என் சிவி சரியில்லை அக்கா" என்கிறான். மூடியது முதலாளி, கூனிக்குறுகுவது இவன். திட்டமிட்டுத்தான் செய்கிறார்களா?

பதில் 1:
திட்டம் பழசுதான். 1996இல், ஜான் மேஜர் பிரதமராக இருந்த காலத்தில், வேலை தேடுவோருக்கான ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகை வந்தபோதே வேலை தேடும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்து வந்த பிளேரும் அதை விடவில்லை. நாட்டுப் பொருளாதாரக் கோளாறு உங்கள் தம்பியின் குணக்கோளாறாக ஆனது அப்படித்தான்.

பதில் 2:
பிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோ 1979லேயே பாரிஸ் விரிவுரைகளில் பேசியது இது: மனிதன் தன்னையே ஒரு முதலீடாக நிர்வகிப்பான். அரசு தடியெடுக்கத் தேவையே இல்லை.

பதில் 3:
தடியும் இருக்கிறது ஐயா! தகுந்த காரணமில்லாமல் வேலைவாய்ப்பு அலுவலக அப்பாயின்ட்மென்டுக்குப் போகாவிட்டால் சாங்க்ஷன், பணம் வெட்டு. அக்கா, ஜர்னலை அன்றன்றே எழுதச் சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். வெட்டினால் முதலில் மறுபரிசீலனை கேளுங்கள், அப்புறம் ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) இருக்கிறது.