சிலியரி தசை சுருங்கினால் லென்ஸ் ஏன் தடிக்கிறது?

வினாக்குறி:
கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை சுருங்கும், லென்ஸ் தடித்து உருண்டையாகும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தசை சுருங்கினால் லென்ஸை இழுத்துத் தட்டையாக்க வேண்டாமா? தலைகீழாகப் படுகிறது. இன்னொன்று: 40 தாண்டியதும் வரும் வெள்ளெழுத்துக்கு இந்தத் தசை தளர்வதுதான் காரணமா? கண் பயிற்சி செய்தால் போய்விடுமா?

குவியம்:
தசையை லென்ஸில் கட்டிய கயிறாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. அது லென்ஸைச் சுற்றி நிற்கும் வளையம். சுருக்குப்பையின் வாய் மாதிரி, சுருங்கும்போது வளையத்தின் விட்டம் குறையும். வளையத்துக்கும் லென்ஸின் விளிம்புக்கும் நடுவே மெல்லிய இழைகள் உண்டு. தூரத்தில் பார்க்கையில் தசை ஓய்வில் இருக்கும், வளையம் விரிந்து இழைகள் விறைத்து லென்ஸைத் தட்டையாக்கிவிடும். கிட்டத்தில் பார்க்கையில் வளையம் குறுகும், இழைகள் தொய்யும். லென்ஸ் தன் உறையின் மீள்தன்மையால் தானே உப்பிக்கொள்ளும். முன்பக்கம்தான் கூடுதலாக உப்பும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஒளியை வளைப்பதில் பெரும்பங்கு கண்ணின் முன்புறத்தில் இருக்கும் ஒளிபுகும் படலமான கார்னியாவுக்குத்தான். கண்ணின் மொத்தப் பவர் ஏறக்குறைய 60 டயாப்டர் (ஒளியை வளைக்கும் திறனின் அலகு), அதில் 43 அதனுடையது. கார்னியாவின் ஒளிவிலகல் எண் 1.376, தண்ணீருக்கு 1.33. வித்தியாசம் இத்தனை குறைவாக இருப்பதால்தான் தண்ணீருக்குள் கண் திறந்தால் எல்லாம் மங்கலாகிறது. லென்ஸுக்கு நுணுக்கமாகத் திருத்தும் வேலை.

கண்ணாடிக்காரன்:
பயிற்சியால் வெள்ளெழுத்து போகாது. அந்த வயதிலும் தசை பெரும்பாலும் நன்றாகவே சுருங்குகிறது. இழைகள் தொய்ந்த பிறகும் லென்ஸ் உப்ப மறுக்கிறது, சிக்கல் அங்கேதான். லென்ஸின் வெளிப்பக்கத்தில் ஆயுள் முழுக்கப் புது நார்கள் சேரும், பழையவை உதிராது. உள்ளே நெருக்குண்டு கெட்டிப்படும்.

லென்ஸ் உப்பும் திறனில் மிச்சம் எவ்வளவு என்று வீட்டிலேயே அளக்கலாம். தூரப் பார்வைக்குக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பொடி எழுத்தை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். எழுத்து கலங்கத் தொடங்கும் தூரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, 100ஐ அதால் வகுத்தால் டயாப்டர் கிடைக்கும். 10 செ.மீ. என்றால் 10, 25 என்றால் 4, 50 என்றால் வெறும் 2. வழக்கமாகப் படிக்கும் 40 செ.மீ. தூரத்துக்கு 2.5 செலவாகும். கையிருப்பில் பாதிக்கு மேல் செலவழித்தால் கண் நெடுநேரம் தாங்காது, ஆகவே 5 இருந்தால்தான் சுகமாகப் படிக்கலாம். இருப்பு சிறுவயதிலிருந்தே கரைந்துகொண்டுதான் வருகிறது. 40ஐ ஒட்டித்தான் கணக்கு இடிக்கிறது.

மைனஸ் 2.5 பவர்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பதைப் பார்த்து அவர்களுக்கு வெள்ளெழுத்தே வரவில்லை என்பார்கள். வந்திருக்கும். கண்ணாடி இல்லாத அந்தக் கண்ணுக்குத் தெளிவான தூரமே 40 செ.மீ.தான், அவ்வளவே.

வினாக்குறி:
விளங்கியது. பளிச்சென்ற வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் தெரிகிற எழுத்து, விளக்கு மங்கினால் தெரியாமல் போவது ஏன்?

குவியம்:
அது கண் பாப்பாவின், அதாவது கண்ணுக்குள் ஒளி நுழையும் கருந்துளையின் வேலை. நல்ல வெளிச்சத்தில் அது 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். ஓரத்துக் கதிர்கள் தடைபடுவதால் விழித்திரையில் விழும் மங்கல் வட்டம் சிறிதாகிறது. அட்டையில் குண்டூசியால் 1 மி.மீ. அளவில் துளை போட்டு அதன் வழியே பாருங்கள். கலங்கிய எழுத்து தெளியும். அப்படியும் தெளியாவிட்டால் கோளாறு பவரில் மட்டும் இருக்க வாய்ப்பில்லை. கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம், கண் மருத்துவரிடம் காட்டாமல் புதுக் கண்ணாடி வாங்கிப் பயனில்லை.