செயற்கை எலும்புத்துகள் பல்லிணைநாரை மீட்குமா, பள்ளத்தை மட்டும் நிரப்புமா?

வாவிக்கரை:
மட்டக்களப்பிலும் கல்முனையிலும் முரசு (ஈறு) நோயால் பல்வேரருகே கரைந்த எலும்புப் பள்ளத்தில் துகள் நிரப்பும் சத்திரசிகிச்சைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி, "டொக்டர், இது மாட்டெலும்பா, பன்றியிலிருந்து எடுத்ததா?" என்பது. மாட்டெலும்புத் துகள் ஒரு வீட்டுக்கு ஆகாது. பன்றிப் பல்முளையிலிருந்து எடுக்கும் எனாமல் புரதம் இன்னொரு வீட்டுக்கு ஆகாது. மிஞ்சுவது செயற்கைத் துகள். ஐதரொக்சிஅபடைட் 60, பீற்றா ட்ரைகல்சியம் பொஸ்பேட் 40 சதவீதம் என்ற கல்சியக் கலவையில், பல்வேரைத் தாடையெலும்போடு பிணைக்கும் பல்லிணைநாரின் கலங்கள் நன்றாக ஒட்டுகின்றன, பெருகுகின்றன, எலும்பு உருவாகும்போது கூடும் அல்கலைன் பொஸ்பட்டேஸ் நொதியும் கூடுகிறது. பிறகும் இணைநார் மீளாது என்று இங்கே சிலர் சொல்வது ஏன்?

களுதாவளை:
நம்பிக்கை சார்ந்த காரணத்தில் எனக்கு மறுப்பில்லை, டொக்டர். சாட்சியில்தான் மறுப்பு. அந்த நொதி இணைநார்க் கலங்களில் இயல்பாகவே அதிகம். இன்னும் கூடினால் கலம் எலும்பின் பக்கம் சாய்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். வேருக்கும் எலும்புக்கும் நடுவே நாராக நிற்க வேண்டிய கலம் எலும்பாக மாறினால் நமக்கு வேண்டியது கிடைக்காது. இணைநாருக்கு அடையாளமான பெரியொஸ்ரின், ஸ்கிளராக்சிஸ் இரண்டையும் அளந்தீர்களா? வேரைப் போர்த்தி நார் பற்றிக்கொள்ளும் சீமெந்துப் படைக்குரிய செம்ப்-1 புரதத்தை?

கலங்கள் கனிமம் படியவைத்தனவா என்று பார்க்கப் போடும் அலிசரின் சிவப்புச் சாயம் இன்னும் பெரிய பொறி. அது பிடிப்பது கல்சியத்தை, துகளே கல்சியம். கலம் ஒன்றுகூட இல்லாத வளர்ப்புக் கிண்ணமும் சிவக்கும். அதே எடைத் துகளை, அதே ஊடகத்தில், அதே 21 நாள் கலமில்லாமல் வைத்து, அந்த வாசிப்பைக் கழிக்காத எந்தப் படத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

சாய்ந்தமருது:
மிஸ், கிண்ணம் வேறு, வாய் வேறு. இன்னொரு செயற்கைத் துகளான 45எஸ்5 உயிர்க்கண்ணாடியை முன்கூட்டி ஊறவைக்காமல் போட்டால் சோடியமும் கல்சியமும் கரைந்து பீஎச் 8ஐத் தாண்டும், கலம் சாகும். வாயில் இரத்தமும் திசுத்திரவமும் ஓடுவதால் அந்த அளவுக்கு ஏறாது. நுண்ணிய ஐதரொக்சிஅபடைட் ஊடகத்துக் கல்சியத்தையே உறிஞ்சிக் கலத்தைப் பட்டினி போடுவதும் தேங்கிய கிண்ணத்தில் தெரிகிற கோளாறு. உங்கள் கிண்ணம் நல்ல பொருளையும் கெட்டதாகக் காட்டும்.

இன்னொன்று: இரண்டு எலும்புச் சுவர் மட்டும் உள்ள பள்ளத்தில் துகள் இல்லாவிட்டால் முரசு மடல் உள்ளே சரிந்துவிடும். இணைநார்க் கலம் ஏறி வர இடமே இராது.

களுதாவளை:
நானா, இடம் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் யார் முதலில் வந்து சேர்கிறார் என்பதுதான் கேள்வி. 1976இல் ஆய்வாளர் மெல்ச்சர் எழுதியது இதைத்தான்: வேர்மேற்பரப்பை எந்தக் கலம் முதலில் பிடிக்கிறதோ, குணமும் அப்படியே அமையும். முரசின் மேற்றோல் பிடித்தால், நார் இல்லாத நீண்ட மேற்றோல் ஒட்டு. எலும்பு பிடித்தால் வேர் ஒட்டிப்போதல் அல்லது கரைதல். செயற்கைத் துகள் மட்டும் வைத்த மனிதப் பற்களை வெட்டிப் பார்த்தபோது துகள்களைச் சுற்றி நார்த்திசு உறை கண்டதும், புதிய சீமெந்து மிகக் குறைவாக இருந்ததும் பழைய செய்தி.

வாவிக்கரை:
அது துகள் மட்டும் வைத்தால். 2005இல் வெளியான 180 நோயாளிகளின் பரிசோதனையைப் பாருங்கள். பீற்றா ட்ரைகல்சியம் பொஸ்பேட்டோடு மில்லிலீற்றருக்கு 0.3 மில்லிகிராம் பிடிஜிஎஃப் வளர்ச்சிக் காரணி. 6 மாதத்தில் எலும்பு நிரம்பல் 57 சதவீதம். அந்தக் காரணி ஈஸ்ட்டில் தயாராவது, மாடும் இல்லை பன்றியும் இல்லை.

களுதாவளை:
ஒப்பீட்டுக் குழுவிலும் அதே துகள்தானே, வளர்ச்சிக் காரணி இல்லாமல்? அங்கே நிரம்பல் 18 சதவீதம். அந்த இடைவெளி காரணி தந்தது. துகள் இரண்டு பக்கமும் பொதுவாக இருந்தது. 6 மாதத்தில், வேரோடு திசு எவ்வளவு ஒட்டியது என்ற அளவில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடும் இல்லை. எக்ஸ்ரேயில் வெள்ளை என்றால் எலும்பு என்று எடுப்பதும் அலிசரின் பொறிதான்: கரையாத துகளும் வெள்ளையாகத்தான் விழும். அறுவைக்கு மறுநாளே ஒரு எக்ஸ்ரே எடுத்து வைக்காதவர் 6 மாதம் கழித்து எதோடு ஒப்பிடுவார்?

வாவிக்கரை:
மறுநாள் எக்ஸ்ரே சரி, அதை ஏற்கிறேன். ஆனால் துகளைக் கைவிடமாட்டேன். நிரப்பும் விதம் பிழைத்துப் பழி துகளுக்குப் போவதுதான் அதிகம். பள்ளத்தில் வளர்ந்த அழற்சித் திசுவை முழுதாகச் சுரண்டி, வேரைச் சுத்தம் செய்து, இரத்தம் கசிந்த பிறகே வைக்க வேண்டும். உப்புநீரில் நனைத்து, சிறிது சிறிதாக, எலும்பு விளிம்பு மட்டத்தோடு நிறுத்த வேண்டும். அழுத்தி இடித்தால் மணிகளுக்கிடையே இரத்தநாளம் புக வழியில்லை, மணியும் நொறுங்கும். 10 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த தூளை விழுங்கு கலமான மக்ரோபேஜ் விழுங்க, அழற்சி தொடங்கும். 6 மாதத்துக்கு உள்ளே முரசுக்குள் ஆழம் பார்க்கும் அளவுகோல் போடக்கூடாது.

சாய்ந்தமருது:
வெற்றிலையையும் சேருங்கள் டொக்டர். பாக்கின் அரெக்கோலின் இணைநார்க் கலங்கள் ஒட்டுவதையும் பெருகுவதையும் தடுப்பது ஆய்வுகூடத்தில் தெரிந்த விஷயம். வாயில் பாக்கு இருக்கும்வரை 60க்கு 40ஆ, 70க்கு 30ஆ என்று நாம் மூவரும் இங்கே பிடிவாதம் பிடிப்பதில் பயன் குறைவு.

களுதாவளை:
அதில் சண்டையில்லை நானா. துகள் கலத்தைக் கொல்கிறதா என்று பார்க்க, முதலில் கலமில்லாக் கிண்ணத்தில் ஊறவையுங்கள்: 1 மில்லிலீற்றர் ஊடகத்துக்கு 0.2 கிராம் துகள், 37 பாகை, 24 மணிநேரம். சாற்றை வடித்து முழுச்செறிவு, பாதி, கால் என்று மூன்றாகக் கலங்களுக்கு இட்டுப் பாருங்கள். கல உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தத் தொகுதித் துகளை வாய்க்குக் கொண்டுபோக வேண்டாம்.